பில்லில் எண் பிசகாமல் தெரிய: ஜாவாஸ்கிரிப்ட் எழுதுவோருக்குச் சில குறிப்புகள்

மூன்று கடைகளுக்கும் ஒரு குடியிருப்போர் சங்கத்துக்கும் பில், ரசீது, வட்டிக் கணக்குப் பக்கங்களை ஜாவாஸ்கிரிப்டில் எழுதிக் கொடுத்துப் பார்த்துக்கொள்கிறேன். கணக்கு தப்பாகப் போய் வந்த புகார்களைவிட, சரியான கணக்கு தப்பாகத் தெரிந்து வந்த புகார்கள்தான் அதிகம். ஒரு சாமான் 4 ரூபாய் 35 பைசா. நூறு வாங்கினால் 435 ரூபாய். திரையில் 434.99999999999994 என்று வந்து நின்றால், பொருள் வாங்க வந்தவர் கணினியைக் குறை சொல்ல மாட்டார், கடைக்காரரைத்தான் சந்தேகப்படுவார். அந்தச் சந்தேகம் எழாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. நோட்டில் குறித்து வைத்திருந்தவற்றைத் தருகிறேன். கட்டளைப் பெயர்களை ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

1. கணக்குப் போடுகிற எண் வேறு, கண்ணுக்குக் காட்டுகிற எண் வேறு. இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். 'டோஃபிக்ஸ்டு' என்ற கட்டளைக்கு 5 என்ற எண்ணைக் கொடுத்து இரண்டு தசம இடம் கேட்டால் 5.00 என்று திருப்பித் தரும். ஆனால் அது எண் இல்லை, எழுத்துச்சரம். அதோடு இன்னொரு 3.00 சரத்தைக் கூட்டினால் 8 வராது, 5.003.00 என்று ஒட்டிக்கொண்டு வரும். அலங்காரம் எல்லாம் திரைக்கு அனுப்பும் கடைசி வரியில் மட்டும். அலங்கரித்த சரத்தைத் திரும்ப எடுத்துக் கணக்குப் போடும் பழக்கத்தை முதல் நாளே விட்டுவிட்டால், கீழே வருகிற தொல்லைகளில் பாதி வராது.

2. பணத்தைப் பைசாவில் வைத்துக்கொள்ளுங்கள். 0.1 உடன் 0.2 ஐக் கூட்டச் சொன்னால் 0.30000000000000004 என்று பதில் வரும். முதல் முறை பார்க்கிறவர்கள் பழுது என்று நினைப்பார்கள். பழுது இல்லை. ஜாவாஸ்கிரிப்டில் சாதாரண எண் எல்லாம் 64 பிட் இரும எண்ணாக, 1985இல் வந்த ஐஇஇஇ 754 தரத்தின்படி சேமிக்கப்படுகிறது. மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுதினால் 0.333 என்று முடியாமல் போய்க்கொண்டே இருக்கும் அல்லவா? அதே போல, பத்தில் ஒரு பங்கை இரண்டடிமான எண்ணில் எழுதினால் அதுவும் முடிவதில்லை. இடம் 64 பிட்தான். எங்காவது வெட்டியாக வேண்டும். வெட்டிய துணுக்குதான் கடைசியில் 4 ஆக எட்டிப் பார்க்கிறது.

முழு எண்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஆகவே 19 ரூபாய் 99 பைசாவை 1999 என்றே சேமித்து, அதிலேயே கூட்டிக் கழித்து, காட்டும்போது மட்டும் நூறால் வகுத்துக் காட்டுங்கள். ரூபாயைப் பைசாவாக மாற்றுகிற இடத்திலும் கவனம் வேண்டும்: 19.99ஐ நூறால் பெருக்கினால் 1998.9999999999998 வரும். தசமத்தை அப்படியே வெட்டினால் ஒரு பைசா காணாமல் போகும். பெருக்கியவுடன் 'மேத்.ரவுண்டு' போட்டால் 1999 பத்திரமாகக் கிடைக்கும்.

3. 'டோஃபிக்ஸ்டு' சரியாக முழுமையாக்கும் என்று நம்பிவிடாதீர்கள். 1.005ஐ இரண்டு இடத்துக்குக் கேட்டால் 1.01 வர வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்போம், 1.00 வரும். உள்ளே இருப்பது 1.005க்கு மயிரிழை குறைவான எண் என்பதுதான் காரணம். வரியைப் பைசாவில் கணக்கிட்டால் இது தீரும். 100 ரூபாய் 50 பைசாவுக்கு 5 சதவீதம் என்றால் 10050ஐ ஐந்தால் பெருக்கி நூறால் வகுக்க 502.5 பைசா; ரவுண்டு செய்தால் 503.

இதில் இன்னொரு பொறி உண்டு, நானே ஒரு முறை அதில் மாட்டியிருக்கிறேன். சரக்கைத் திருப்பிக் கொடுத்தவருக்குக் கழிவு பில் போடும்போது எண் மைனஸில் இருக்கும். 'மேத்.ரவுண்டு' மைனஸ் 502.5ஐ மைனஸ் 502 ஆக்கும், 503 ஆக்காது. பாதியில் நிற்கும் எண்ணை அது எப்போதும் பெரிய பக்கமாகவே தள்ளும். வாங்கும்போது 503, திருப்பும்போது 502. ஒரு பைசாதான், ஆனால் மாதக் கடைசியில் கணக்கு நேராகாது. மைனஸை எடுத்துவிட்டு ரவுண்டு செய்து, பிறகு மைனஸைப் போடுங்கள்.

பைத்தானுக்குப் போகிறவர்கள் இதையும் மனத்தில் வையுங்கள்: அங்கே ரவுண்டு 2.5ஐ 2 ஆக்கும், 3.5ஐ 4 ஆக்கும். பாதி வந்தால் இரட்டைப்படை எண் பக்கம் சாய்வது அதன் வழக்கம்.

4. ஒவ்வொரு படியிலும் வெட்டாதீர்கள். முழுக் கணக்கும் முடிந்த பிறகு ஒரே தரம் முழுமையாக்குங்கள். கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தையில் 1982இல் 1000 புள்ளியில் தொடங்கிய குறியீட்டெண்ணை, ஒவ்வொரு வியாபாரத்துக்குப் பிறகும் திரும்பக் கணக்கிட்டு, மூன்று தசமத்துக்கு மேல் இருந்ததை வெட்டி எறிந்துகொண்டே வந்தார்கள். தினம் ஆயிரக்கணக்கான முறை வெட்டு. 1983 நவம்பரில் குறியீடு 524க்கு இறங்கிக் கிடந்தது. சரியாகக் கணக்கிட்டுப் பார்த்தபோது 1098க்கு மேல் இருந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. சந்தை ஏறியிருக்கிறது, பலகை பாதியாக இறங்கியதாகக் காட்டியிருக்கிறது. சீட்டுக் கணக்கிலும் கூட்டு வட்டியிலும் மாதாமாதம் வெட்டினால் நமக்கும் இதே கதைதான், அளவு மட்டும் சிறிது.

5. கமாவை லட்சத்துக்கு வையுங்கள். அரிசி மண்டி அண்ணாச்சிக்கு முதன்முதலில் நான் கொடுத்த பக்கத்தில் வருட விற்பனை 1,250,000 என்று தெரிந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, இது ஒண்ணே கால் லட்சமா, பன்னெண்டரை லட்சமா?"

"பன்னெண்டரை லட்சம் அண்ணாச்சி."

"அப்ப பன்னெண்டுக்குப் பக்கத்துல கமா போடுப்பா. நான் எத்தனை சைபர்னு விரலை வச்சு எண்ணிக்கிட்டு இருக்கணுமா?"

அவர் கேட்டது முழு நியாயம். ஆயிரத்துக்குப் பின் இரண்டிரண்டு இலக்கமாகப் பிரித்துப் படித்தே நமக்குக் கண் பழகியிருக்கிறது. 12,50,000 என்றால் பன்னிரண்டு லட்சத்து ஐம்பதாயிரம் என்று பார்த்தவுடன் வாயில் வந்துவிடும். மில்லியன் கமாவைக் கண்டால் மனம் ஒரு தரம் நின்று மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது.

இதற்காக வெட்டி ஒட்டும் நிரல் எதுவும் எழுத வேண்டாம். 'டோலோக்கேல்ஸ்ட்ரிங்' என்ற கட்டளைக்கு 'இஎன்-ஐஎன்' என்ற குறியைக் கொடுங்கள். அதாவது ஆங்கிலம், இந்தியா. தமிழ்ப் பக்கமானால் 'டிஏ-ஐஎன்'. இரண்டுமே 1234567.891ஐ 12,34,567.891 என்று தரும். சிங்கப்பூர், மலேசியாவில் படிக்கிறவர்களுக்கான பக்கமானால் இதைச் செய்யாதீர்கள். அங்கே தமிழர்களுக்கும் மில்லியன் கமாதான் பழக்கம்.

6. குறியைக் கொடுக்காமல் அந்தக் கட்டளையை வெறுமனே விடாதீர்கள். விட்டால், பார்க்கிறவரின் கணினி எந்த நாட்டு அமைப்பில் இருக்கிறதோ அந்த வழக்கத்தை அது எடுத்துக்கொள்ளும். ஜெர்மனியில் புள்ளியும் கமாவும் இடம் மாறி நிற்கும்: நாம் 1,234.50 என்று எழுதுவதை அவர்கள் 1.234,50 என்று எழுதுவார்கள். பிரான்சில் ஆயிரத்தைப் பிரிக்க ஒடுக்கமான இடைவெளி, சுவிட்சர்லாந்தில் மேற்கொட்டு. ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகன், ஊரில் இருக்கும் அப்பாவின் கடை பில்லைத் தன் மடிக்கணினியில் திறந்து பார்த்தால், 1.234 என்று தெரிவது ஆயிரத்து இருநூற்று முப்பத்து நான்கா, ஒன்றேகாலுக்குச் சற்றுக் குறைவா என்று குழம்புவார். ரூபாய் பில் எந்த நாட்டில் திறந்தாலும் ரூபாய் பில்லாகவே தெரியட்டும்.

7. ரூபாய்க் குறியைக் கையால் ஒட்டாதீர்கள். அதே கட்டளையில் பாணி 'கரன்சி' என்றும் நாணயம் 'ஐஎன்ஆர்' என்றும் கொடுத்தால் ₹1,23,456.00 என்று குறி, கமா, பைசா எல்லாம் சேர்ந்தே வரும். மைனஸ் தொகையில் மைனஸ் எங்கே நிற்க வேண்டும் என்பதையும் அதுவே பார்த்துக்கொள்ளும். ₹ குறி 2010 ஜூலையில் ஏற்கப்பட்டது. வடிவமைத்த உதயகுமார் நம் தமிழ்நாட்டுக்காரர். பழைய எழுத்துருக்களில் இந்த இடத்தில் வெறும் கட்டம் தெரிவதுண்டு, பில் அச்சடிக்கும் இயந்திரங்களில் இன்னும் அதிகம். ஒரு தாள் அச்சிட்டுப் பாருங்கள். கட்டம் வந்தால் 'ரூ.' என்று எழுதிவிடுவது நல்லது.

₹ இந்திய ரூபாய்க்கு மட்டும் உரியது. இலங்கை ரூபாய்க்கு அதைப் போடக் கூடாது, அங்கே 'ரூ.'தான். வளைகுடாவிலிருந்து பணம் அனுப்புகிறவர்களுக்குப் பக்கம் செய்தால் இன்னொன்றும் கவனியுங்கள்: குவைத் தினாருக்கு ஆயிரம் ஃபில்ஸ், ஆகவே மூன்று தசம இடம் வேண்டும். ஜப்பானிய யென்னுக்குத் தசமமே வேண்டாம். நாணயக் குறியைச் சரியாகக் கொடுத்துவிட்டால் கட்டளை இதைத் தானே செய்யும். எல்லாவற்றுக்கும் இரண்டு இடம் என்று நாமாகத் திணித்தால்தான் கெடும்.

8. 'ரவுண்ட் ஆஃப்' வரியை மறைக்காதீர்கள். 2011 ஜூன் 30 முதல் 25 பைசாவும் அதற்குக் கீழான காசுகளும் செல்லாது. கையில் வாங்கிக் கொடுக்கும் தொகை முழு ரூபாயாகத்தான் இருக்கும். 347.62 என்பதைச் சத்தமில்லாமல் 348 என்று காட்டினால், மேலே உள்ள வரிகளைக் கூட்டிப் பார்க்கிறவருக்கு 38 பைசா இடிக்கும். கூட்டுத்தொகை 347.62, ரவுண்ட் ஆஃப் 0.38, செலுத்த வேண்டியது 348.00 என்று மூன்று வரியாகக் காட்டுங்கள்.

9. சதவீதம் கேட்டால் பின்னமாகக் கொடுங்கள். 'பர்சென்ட்' பாணி எண்ணைத் தானே நூறால் பெருக்கிக்கொள்ளும்: 0.18 கொடுத்தால் 18%, 18 கொடுத்தால் 1,800%. அதைவிடப் பெரிய வில்லங்கம், சொல்லாவிட்டால் அது தசமமே காட்டாது என்பது. 5 சதவீத ஜிஎஸ்டியை மத்திய வரி 2.5, மாநில வரி 2.5 என்று பிரித்துக் காட்டும் பில்லில், இரண்டு இடத்திலும் 3% என்று வந்து நிற்கும். தொகை சரி, அதன் பக்கத்தில் இருக்கும் சதவீதம் தப்பு. அதிகபட்சத் தசம இடம் இரண்டு என்று மறக்காமல் சொல்லுங்கள்.

10. கூட்டவோ கழிக்கவோ மாட்டோம் என்றால் அது எண்ணே அல்ல. தொலைபேசி எண், அஞ்சல் குறியீடு, வங்கிக் கணக்கு எண், ரசீது எண் எல்லாம் எழுத்துச்சரமாகவே இருக்கட்டும். எண்ணாக மாற்றினால் முன்னால் நிற்கும் சைபர் உதிர்ந்துவிடும். சென்னையின் 044 வெறும் 44 ஆகும். அதையே மேற்கோள் குறி இல்லாமல் நிரலுக்குள் 044 என்று எழுதிவிட்டால் பழைய வழக்கப்படி எட்டடிமான எண்ணாக எடுத்துக்கொண்டு 36 என்று காட்டும்! கண்டிப்பு முறையில் எழுதினால் பிழை என்று நிறுத்திவிடும், அந்த வகையில் அதுவே மேல்.

ரசீது எண்ணை 00042 என்று காட்ட 'பேட்ஸ்டார்ட்' இருக்கிறது: மொத்தம் ஐந்து இடம், நிரப்ப சைபர்.

11. மிக நீளமான அடையாள எண்கள் வந்தாலும் இதே விதி. 9,00,71,99,25,47,40,991 வரைதான் ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் ஒவ்வொரு முழு எண்ணையும் பிசகாமல் பிடித்துவைக்கும். அதற்கு மேல் கடைசி இலக்கங்கள் தாமாக மாறிவிடும், எந்த எச்சரிக்கையும் வராது. ட்விட்டர் 2010இல் தன் பதிவு எண்களை நீளமாக்கியபோது, இதற்காகவே ஒவ்வொரு எண்ணோடும் அதன் சர வடிவத்தையும் சேர்த்து அனுப்ப ஆரம்பித்தது. அவ்வளவு பெரிய எண்ணில் கணக்கும் போட வேண்டுமானால் 'பிக்இன்ட்' வகையை எடுத்துக்கொள்ளுங்கள்.

12. மைனஸ் சைபர் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மைனஸ் 0.001ஐ இரண்டு இடத்துக்குச் சுருக்கினால் -0.00 வரும். பாக்கி இல்லாதவருக்கு மைனஸ் காட்டினால் கேள்வி கேட்பார். பைசாவில் வைத்திருந்தால் பெரும்பாலும் வராது.

13. தெரியாத தொகைக்குச் சைபர் காட்டாதீர்கள். தரவில் இடம் காலியாக இருந்து 'நல்' என வந்தால், எண்ணாக மாற்றும்போது அது 0 ஆகிவிடும். சங்கத்தில் ஒரு வீட்டுக்கு மீட்டர் படிக்கவில்லை என்பதும், அந்த வீட்டில் தண்ணீரே செலவாகவில்லை என்பதும் ஒன்றல்ல. முன்னதற்கு ஒரு சிறு கோடு, பின்னதற்கு 0. 'என்ஏஎன்' என்ற மூன்றெழுத்தும் யார் கண்ணிலும் படக் கூடாது. காட்டும் முன் 'நம்பர்.ஈஸ்ஃபைனைட்' கொண்டு ஒரு தரம் சோதித்துவிடுங்கள்.

14. தொகைகளை வலது ஓரமாக அடுக்குங்கள், தசம இடம் எல்லா வரியிலும் ஒன்றாக இருக்கட்டும். எழுத்துருவில் 1 ஒல்லியாகவும் 8 தடிமனாகவும் இருந்தால் வரிசை கோணும். 'ஃபான்ட்-வேரியன்ட்-நியூமெரிக்' என்ற பாணியில் 'டேபுலர்-நம்ஸ்' என்று கொடுத்தால், எழுத்துருவில் அந்த வசதி இருக்கும்பட்சத்தில், எல்லா இலக்கமும் ஒரே அகலத்துக்கு வரும். பழைய பேரேட்டில் பைசாவுக்குத் தனிக் கட்டம் போட்டு எழுதினார்களே, அந்த ஒழுங்கு கிடைக்கும்.

15. பயனர் கமா போட்டுத் தட்டுவார் என்று எதிர்பாருங்கள். 1,250 என்று அவர் தட்டியதை 'பார்ஸ்ஃப்ளோட்' கொண்டு படித்தால் கமாவோடு நின்றுவிடும். ஆயிரத்து இருநூற்று ஐம்பது ரூபாய் வரவு ஒரு ரூபாயாகப் பதிவாகும். கமாக்களையும் இடைவெளிகளையும் எடுத்துவிட்டு 'நம்பர்' கொண்டு மாற்றுங்கள். அது புரியாததைக் கண்டால் பாதி படித்து ஏமாற்றாது.

16. தொகையை எழுத்தால் காட்டுவது. இதற்கு மட்டும் ஆயத்தக் கட்டளை ஜாவாஸ்கிரிப்டில் இல்லை, நாமே எழுத வேண்டும். ஆங்கிலத்துக்கு எழுதிய நிரலில் சொற்களை மட்டும் தமிழாக மாற்றிப் போட்டு 'இருநூறு ஐம்பது ரூபாய்', 'இரண்டு லட்சம் முப்பது ஐந்து ஆயிரம்' என்று அச்சிட்ட ரசீதுகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். தமிழில் எண்ணுப்பெயர் தனியாக நிற்கும்போது ஒரு வடிவம், பின்னால் இன்னொன்று வரும்போது வேறொரு வடிவம். அதைப் பிடித்துவிட்டால் நிரல் சுலபம்.

ஒன்று முதல் தொண்ணூற்றொன்பது வரை முழுப் பட்டியலாகவே எழுதிவையுங்கள். பதினொன்று, பன்னிரண்டு, பத்தொன்பது, இருபத்தைந்து என்று புணர்ச்சி ஒவ்வொன்றிலும் மாறுகிறது. விதி எழுதும் நேரத்தில் பட்டியலே எழுதிவிடலாம். நூறுகளுக்கு ஒன்பது பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வடிவம்: நூறு – நூற்று, இருநூறு – இருநூற்று, முந்நூறு – முந்நூற்று என்று எண்ணூறு – எண்ணூற்று வரை போகும். ஒன்பதாவது மட்டும் தொள்ளாயிரம் – தொள்ளாயிரத்து. ஆயிரம் ஆயிரத்து ஆகும், லட்சம் லட்சத்து ஆகும், கோடி கோடியே ஆகும். மீதி சைபர் என்றால் முதல் வடிவம், மீதி இருந்தால் இரண்டாவது. நிரலின் மூளை அவ்வளவுதான்.

ஆயிரத்துக்கு முன்னால் வரும் எண்ணையும் சேர்த்தே எழுத வேண்டும்: இரண்டாயிரம், மூவாயிரம், ஐயாயிரம், பத்தாயிரம், முப்பத்தைந்தாயிரம். இதற்கும் தொண்ணூற்றொன்பது வரை ஒரு பட்டியல் போட்டுவிடுங்கள். 2,35,470 கொடுத்தால் 'இரண்டு லட்சத்து முப்பத்தைந்தாயிரத்து நானூற்று எழுபது ரூபாய்' என்று வர வேண்டும். பட்டியலைத் தட்டி முடிக்க ஒரு மாலைப்பொழுது ஆகும். அண்ணாச்சி அந்த ரசீதை வாய்விட்டுப் படித்துவிட்டு, "நம்ம ஊர் பேச்சு மாதிரியே இருக்கு தம்பி" என்றார்.

17. தமிழ் இலக்கங்களில் காட்ட விரும்பினால், மொழிக் குறியின் பின்னால் எண்முறையாக '-யு-என்யு-டிஏஎம்எல்டிஇசி' என்பதைச் சேர்த்தால் போதும். 2025 ௨௦௨௫ ஆகும். ஆண்டு எண்ணுக்கு நடுவில் கமா விழாமல் இருக்க, பிரிப்பை நிறுத்திவையுங்கள். தமிழ்ச் சைபர் ௦ யூனிகோடில் 2005இல்தான் சேர்ந்தது. அதற்கு முன் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்ற பழைய முறைக் குறிகள் மட்டும் இருந்தன. திருமண அழைப்பிதழ், மலர், நாட்காட்டிக்கு இது அழகு. பில்லுக்கு வேண்டாம், அவசரத்தில் ௧ எது, ௭ எது என்று பலருக்குப் பிடிபடாது.

18. ஆயிரம் வரி உள்ள பட்டியலில், ஒவ்வொரு வரிக்கும் குறியும் பாணியும் கொடுத்துக் கட்டளையைப் புதிதாக அழைத்தால் பக்கம் இழுத்து இழுத்துத் திறக்கும். 'இன்டில்.நம்பர்ஃபார்மேட்' ஒன்றை மேலே ஒரு தரம் உருவாக்கிவைத்து, எல்லா வரிக்கும் அதையே பயன்படுத்துங்கள்.

19. உலாவியில் 12,34,567 என்று வந்தது சர்வரில் 1,234,567 என்று வந்தால் நிரலைப் புரட்டிப் பார்க்க வேண்டாம், முதலில் அங்கே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடின் பதிப்பைப் பாருங்கள். 13க்கு முந்தைய பதிப்புகள் ஆங்கிலத்துக்கான தரவை மட்டும் வைத்துக்கொண்டு வந்தன. நாம் கொடுத்த நாட்டுக் குறியை அவை கண்டுகொள்ளாது. பதிப்பை உயர்த்தினால் லட்சக் கமா திரும்பி வந்துவிடும்.

20. பக்கத்தைக் கடைக்காரரிடம் ஒப்படைக்கும் முன் சில எண்களை உள்ளே விட்டுப் பாருங்கள்: 0, காலியிடம், மைனஸ் 0.001, 19.99, மைனஸ் 502.5, ஒன்றேகால் கோடி. கூடவே 99,999.5ஐத் தசமம் இல்லாமல் காட்டச் சொல்லுங்கள். அது 1,00,000 ஆகி, ஓர் இலக்கமும் ஒரு கமாவும் கூடிக்கொள்ளும். அந்த நேரத்தில் கட்டம் போதாமல் கடைசி சைபர் அடுத்த வரிக்கு உருண்டுவிடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.